நாற்பத்தைந்து டிகிரி மரியாதை

நெஸுவின் ஆன்டெனா அசையாது. அதன் பெருமையும் அதுதான், அதனால் வந்த வினையும் அதுதான்.

மற்ற ஆன்டெனாக்கள் ஆளைப் பார்த்துத் தலையைத் திருப்பும். நெஸு செய்தது மதிய உணவுப் பெட்டியின் மூடி அளவுக்கு ஒரு தட்டைப் பலகை. ஓர் ஆள் உயரத் தாங்கியின் மேல் சும்மா நிற்கும். அதற்குள் அரிசிமணி போன்ற குட்டி ஆன்டெனாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கண்ணாடி இழை, எல்லா இழைகளுக்கும் பின்னால் ஒரு லேசர். லேசரின் நிறத்தை இம்மியளவு மாற்றினால், சில இழைகளில் ஒளி கொஞ்சம் முந்தியும் சிலவற்றில் கொஞ்சம் பிந்தியும் போய்ச் சேரும். திருவிழாவில் சாமிப் பல்லக்கைத் தூக்கி வருகிறவர்களில் இடப்பக்கத்தார் அரை எட்டு முந்தினால், பல்லக்கு யாரையும் கேட்காமல் வலப்பக்கம் திரும்பிவிடுமே, அதுபோலப் பலகையிலிருந்து கிளம்பும் அலைக்கற்றையும் திரும்பிவிடும். பலகை அசையாது. கற்றை கண்ணுக்குத் தெரியாது. லேசரும் கண்ணுக்குத் தெரியாத நிறம். ஆகவே நெஸுவின் சாதனையைப் பார்க்க வந்தவர்கள், எதுவுமே நடக்காத ஓர் அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கசுமிநோ குன்றின்மேல் இருந்த அந்த ஒளியலை ஆய்வு நிலையத்தில் இது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. அங்கே பெரும்பாலான அறைகள் அப்படித்தான் இருந்தன.

அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மில்லிமீட்டர் நீளமே உள்ள பொடி அலை. ஒரு முழுத் திரைப்படத்தை ஒரு தும்மலுக்குள் கொண்டுவந்து கொட்டிவிடும். ஆனால் கோபக்காரப் புதுமாப்பிள்ளை மாதிரி, குறுக்கே யாராவது வந்தால் போதும், அப்படியே நின்றுவிடும். கையை நீட்டினால் நிற்கும். ஈர இலையை நீட்டினால் நிற்கும். மனிதத் தலை குறுக்கிட்டால் கேட்கவே வேண்டாம். தலையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அதற்குள் போனது வெளியே வருவதில்லை. நிலையத்தில் மேலதிகாரிகளிடம் சொல்லப்பட்ட யோசனைகளுக்கும் இதே கதிதான் என்று இவாசே சொல்வாள்.

இவாசேவும் நெஸுவைப் போல ஒப்பந்த ஆய்வாளர். ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசை. ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டு முடியும்போது அங்கே ஓர் ஆய்வாளர் ஒன்று நிரந்தரமாக வேண்டும், அல்லது நிரந்தரமாகப் போக வேண்டும். நெஸுவுக்கு அந்த ஐந்தாம் ஆண்டு முடியப்போகும் வசந்தம் அது.

போனால் எங்கே போவது என்பதையும் அவன் மாமனார் முடிவு செய்து வைத்திருந்தார். அகிதா பக்கம் பனிக்காட்டில் அவருக்கு முள்ளங்கி ஊறுகாய்த் தொழிற்சாலை. முள்ளங்கியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகை போட்டு, பிறகு ஊறவைப்பார்கள். மருமகன் கால் அளவில் ரப்பர் பூட்ஸ் வாங்கியாகிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார்.

"லேசரை வச்சு அலையைத் திருப்புறேன்னு சொன்னீங்களே மாப்ள, இங்க புகையில முள்ளங்கியைத் திருப்பணும். திருப்புறதுன்னு வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"அது வேற மாமா."

"வேறதான். முள்ளங்கி கண்ணுக்குத் தெரியும்."

அவருக்குப் பதில் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. அமைச்சகத்திலிருந்து ஆலோசகர் ஷிராஹாதா என்பவர் ஆய்வுத் திட்டங்களைப் பார்வையிட வரப்போகிறார். அவர் முன்னால் கற்றை திரும்பிவிட்டால் திட்டம் நீளும், திட்டம் நீண்டால் நெஸு நிரந்தரம். திரும்பாவிட்டால் பூட்ஸ்.

நெஸுவிடம் ஒரு குறை உண்டு. அந்த ஊரில், ஓர் அறைக்குள் நுழைந்ததும் அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாததைப் புரிந்துகொள்வதற்குக் காற்றைப் படிப்பது என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கே அது வரும். நெஸுவுக்குக் காற்றைப் படிக்கத் தெரியாது, அளக்கத்தான் தெரியும். எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஈரப்பதம் பார்ப்பான்.

*

பொது நிர்வாகப் பிரிவின் தலைவி தோகாஷி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். பழுதானால் கோபப்படாதவர், முறை தவறிப் பழுதானால்தான் கோபப்படுவார் என்று அவருக்கு நல்ல பெயர்.

"உக்காருங்க நெஸு சான்," என்றார். பெயரோடு சான் என்ற மரியாதையைச் சேர்க்காமல் அவர் யாரையும் கூப்பிடமாட்டார். "உங்க கற்றை முதல்ல யார்கிட்ட போகும்?"

"இடது ஓரத்துல ஆரம்பிச்சு வலது ஓரம் வரைக்கும் வரிசையாப் போகும்."

"இடது ஓரத்துல என்ன இருக்கு?"

"கதவு."

"கதவுகிட்ட யார் இருப்பாங்க?"

நெஸு யோசித்தான். "டீ கொண்டு வர்றவங்க நிப்பாங்க."

தோகாஷி பேனாவை மூடி மேசைக்கு இணையாக வைத்தார். கதவோரம் கடைசி இடம். கதவுக்கு மிகத் தொலைவில் இருப்பது முதலிடம். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடும்போதுகூட அவர் அதைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

"அப்போ அமைச்சக ஆலோசகருக்கு முன்னாடி டீ கொண்டு வர்றவங்களுக்குப் போகுது."

"கண்ணு இமைக்கிறதுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் முன்னாடி, தோகாஷி சான். யாருக்கும் தெரியாது."

"அவமரியாதைக்கு நேரக்கணக்கு உண்டா?"

உண்டா இல்லையா என்று நெஸு உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும், இவனை நம்பி விட முடியாது என்று தோகாஷி முடிவு செய்தார். கற்றை முன்னுரிமைக் குழு அமைக்கப்பட்டது.

குழு கூடுவதற்கு முன்னால், குழுவில் என்ன பேசுவது என்று பேச ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு முன்னால், அந்தக் கூட்டத்துக்கு யார் யாரை அழைப்பது என்று நடைபாதையில் ஒரு கூட்டம் நடந்தது. இப்படி எல்லாம் பேசி முடித்து, இனிப் பேச எதுவும் மிச்சமில்லை என்றான பிறகு, உண்மையான குழு கூடியது. அதற்கு மட்டும் நெஸு அழைக்கப்பட்டான்.

தலைமை வகித்தவர் நிலையத் தலைவர் ஒகோச்சி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். அவர் உறங்குகிறாரா, சிந்திக்கிறாரா என்பது நிலையத்தின் தீராத ஆய்வுக் கேள்விகளில் ஒன்று. அவருக்கு அடுத்து நெஸுவின் துறைத் தலைவர் குசாகாபே. துறைத் தலைவரைப் புச்சோ என்றுதான் கூப்பிட வேண்டும், அவருடைய பெயரை அவர் மனைவியே மறந்திருக்கக்கூடும். இவாசே டீ கொண்டுவந்தாள். முனைவர் பட்டம் பெற்ற பெண் அந்தத் தளத்தில் அவள் ஒருத்திதான். டீ கொண்டுவருகிறவளும் அவள் ஒருத்திதான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நிர்வாகம் ஒருமுறை எழுத்திலேயே தெரிவித்திருந்தது.

"முதல்ல ஆலோசகர்கிட்டதான் திருப்பணும், அது முடிவு," என்றார் குசாகாபே. "அடுத்து நம்ம தலைவர். அங்கதான் ஒரு சந்தேகம். ஆலோசகர்கிட்டேர்ந்து தலைவர்கிட்ட திரும்பறப்போ, கற்றை ஆலோசகருக்கு முதுகைக் காட்டுமா?"

"கற்றைக்கு முதுகு கிடையாது புச்சோ," என்றான் நெஸு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பக்கவாட்டுல கொஞ்சம் சிந்தும்."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. ஈரப்பதம் நாற்பது சதவீதம் இருக்கும் என்று நெஸு நினைத்தான்.

"சிந்தும்னா?" என்று கேட்டார் தோகாஷி.

"எந்த ஆன்டெனாவுலயும் பெரிய கற்றைக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா உபரிக் கற்றை கிளம்பும். தடுக்க முடியாது. குறைக்கலாம்."

"அதாவது ஆலோசகருக்குப் போறப்பவே, கதவோரம் நிக்கிறவங்களுக்கும் கொஞ்சம் போகுது."

"இம்மியளவு."

"அந்த இம்மிக்கு யார் அனுமதி கொடுத்தது?"

உபரிக் கற்றையைக் குறைப்பது எப்படி என்பதுதான் இவாசேவின் முனைவர் பட்ட ஆய்வு. அவள் குசாகாபேயின் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

தலைவர் ஒகோச்சி கண்ணைத் திறந்தார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எத்தனை டிகிரி?" என்றார்.

"எது, தலைவர்?"

"கற்றை ஆலோசகரைப் பார்த்து எத்தனை டிகிரி சாயுது?"

"அவர் நாற்காலி இருக்கிற இடத்துக்கு இருபது டிகிரி," என்றான் நெஸு.

பெருமூச்சு ஒன்று மேசையைச் சுற்றி வலம் வந்தது. வழியில் எதிர்ப்பட்டவருக்குப் பதினைந்து டிகிரி குனிய வேண்டும். வாடிக்கையாளருக்கு முப்பது. அமைச்சகத்துக்கும் மன்னிப்புக்கும் நாற்பத்தைந்து. இருபது டிகிரியில் குனிந்தால், கீழே விழுந்த காசைத் தேடுகிறான் என்று நினைப்பார்கள்.

"நாற்பத்தைந்தாக்குங்க," என்றார் தலைவர். கண்ணை மூடிக்கொண்டார்.

"கற்றையை எந்தக் கோணத்துக்கு வேணாலும் திருப்பலாம் தலைவர். ஆனா நாற்பத்தைந்துல திருப்பினா கற்றை மூலைக்குப் போயிடும். ஆலோசகர் மூலையில இல்லையே."

"அப்போ அவரை மூலையில உட்கார வைங்க," என்றார் குசாகாபே, கற்றையைவிட வேகமாக.

மூலையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நிலையத்தின் நிறுவனர் மகியாமா. உயரமான பீடத்தின்மேல் அகன்ற நெற்றியோடு வெண்கலத் தலையாக இருந்தார். அவரை நகர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தபோதே தோகாஷி கூடாதென்று தலையசைத்துவிட்டார். முன்பு ஒருமுறை சுவருக்கு வெள்ளையடிக்க அவரை ஒரு முழம் தள்ளிவைத்ததற்குப் பூசாரியை வரவழைத்து மந்திரம் சொல்ல வேண்டியிருந்தது. எனவே ஆலோசகரின் நாற்காலி நிறுவனருக்குப் பக்கத்திலேயே, பீடத்தை ஒட்டிப் போடப்படும் என்று முடிவானது.

"இன்னொண்ணு," என்றார் குசாகாபே. "கற்றை வணங்கறது கண்ணுக்குத் தெரியாது. ஆலோசகருக்கு எப்படித் தெரியும், இப்போ கற்றை தன்னைப் பார்த்துத் திரும்பியிருக்குன்னு? அதனால கற்றை சார்பா நாம வணங்குவோம். ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு, திரும்பின நொடியில எல்லாரும் சேர்ந்து."

"புச்சோ, அப்போ எல்லார் தலையும் கற்றைக்குக் குறுக்க வரும்."

"மரியாதை எப்படி, நெஸு குன், குறுக்க வரும்?" என்றார் குசாகாபே. தனக்குக் கீழே இருப்பவர்களை அவர் குன் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"தலை வரும், புச்சோ. தலையில தண்ணி இருக்கு."

"காத்தைப் படிக்கணும்ப்பா," என்றார் குசாகாபே, அன்பாகவே.

*

ஒத்திகையைத் தோகாஷி நடத்தினார். கரும்பலகைக்குப் பயன்படும் பெரிய மரக் கோணமானியை எடுத்துக்கொண்டு வரிசையில் ஒவ்வொருவர் இடுப்பிலும் வைத்துப் பார்த்தார். முதுகுவலிக்காரர் ஒருவர் முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் குனிய முடியாததால், அன்றைக்கு விடுப்பு எடுக்கும் வாய்ப்பு அவருக்கு வழங்கப்பட்டது.

குனிந்த தலைகளோடு கருவியையும் சேர்த்து ஒத்திகை பார்க்கலாம் என்று நெஸு கேட்டான். கருவிக்கு ஒத்திகை தேவையில்லை, அது தவறு செய்யாது, மனிதர்கள்தான் தவறு செய்வார்கள் என்று தோகாஷி விளக்கினார்.

"நான் எங்க நின்னு குனியணும்?" என்றான் நெஸு.

"நீங்க குனிய வேண்டாம். கருவியை இயக்கறவர் கருவியோட ஒரு பாகம். விதிப்படி கருவிகள் வணங்கறதில்ல."

ஐந்தாண்டுகளில் நிலையம் அவனை ஏதாவது ஒன்றின் பாகமாக ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்முறை. அவனுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"சந்தோஷப்படாத," என்றாள் இவாசே ஆய்வுக்கூடத்தில். "கருவி பழுதானா எந்தப் பாகத்தை முதல்ல கழட்டி எறிவாங்கன்னு நினைக்கிற?"

"பழுதாகாது. நான் எல்லாக் கோணத்துலயும் அளந்துட்டேன்."

"காலி அறையில அளந்த. அங்க நாற்பது தண்ணித் தொட்டி நிக்கப்போகுது, மரியாதையா."

"புச்சோகிட்ட சொன்னேனே."

"என்ன சொன்னார்?"

"காத்தைப் படிக்கச் சொன்னார்."

"படிச்சியா?"

"நாற்பத்திரண்டு சதவீதம்."

இவாசே சிரிக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தமும் அடுத்த வருடம் முடிகிறது.

*

ஆலோசகர் ஷிராஹாதா வந்தார். செருப்பு மாற்றினார். அவருக்கென்று வைத்திருந்த செருப்பு அவர் காலைவிடச் சிறியது. அதைச் சொல்வது நிலையத்தைக் குறை சொல்வதாகும் என்பதால், குதிகால் வெளியே தொங்க நடந்து வந்து நிறுவனர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் சின்ன மேசை, மேசைமேல் ஒரு டேப்லெட். கற்றை அவரை நோக்கித் திரும்பியதும், நிலையத்துக் குளத்தில் நீந்தும் கெண்டை மீன்கள் செதில் செதிலாக, நேரலையாக அதில் தெரியும். என்ன காட்டுவது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டதில், யாரையும் புண்படுத்தாத உயிரினம் என்று மீன் தேர்வாகியிருந்தது.

தலைவர் ஒகோச்சி வரவேற்றுப் பேசினார். கண் திறந்தே இருந்தது.

"எங்க நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு தவறுகூட நடந்ததில்ல. எதுவுமே செய்யலைன்னா தவறு எப்படி நடக்கும்னு சில பேர் கேக்கறாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். எதுவும் செய்யாம இருக்கறது சுலபம். இத்தனை பேர் தினமும் காலைல வந்து, சாயங்காலம் வரைக்கும் உழைச்சு, அப்புறமும் எதுவும் செய்யாம இருக்கறதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நாங்க ஆராய்ச்சின்னு சொல்றோம். இன்னிக்கு முதல்முறையா ஒண்ணு செஞ்சு காட்டப்போறோம். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஆலோசகர் நெகிழ்ந்து தலையாட்டினார். குசாகாபே கையைத் தூக்கினார். அறையின் எதிர்ப்புறம், பலகைக்குக் கீழே, லேசர் பெட்டியின் முன் நின்ற நெஸு திருகை ஒரு மயிரிழை திருப்பினான்.

கற்றை திரும்பியது. டேப்லெட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கெண்டை வாலை ஆட்டியது. ஆலோசகர் "ஓ" என்றார்.

அந்த "ஓ" முடிவதற்குள் இரு வரிசையும் நாற்பத்தைந்து டிகிரி குனிந்தது. வரிசைக்கு நடுவே இருந்த வழியைத் தலைகள் அடைத்தன. மேசைக்கு மிக அருகில் தலைவரின் தலை, எல்லாவற்றையும்விட ஆழமாக. கெண்டை வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.

தலைவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். "பெரிய தவறு நேர்ந்துவிட்டது," என்று மன்னிப்புக் கேட்டு இன்னும் குனிந்தார். தலைவர் குனிந்த பின் மற்றவர்கள் அதைவிட மேலே இருக்க முடியாது. அத்தனை பேரும் இறங்கினார்கள். தான் ஏதோ பொத்தானைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்த ஆலோசகர், "இல்ல இல்ல, என் தப்பு," என்று எழுந்து நின்று பதிலுக்குக் குனிந்தார். விருந்தாளி குனிந்திருக்கும்போது வீட்டுக்காரர்கள் நிமிர்வதாவது. மன்னிப்புக் கேட்பவர்கள் குனிந்திருக்கும்போது விருந்தாளி நிமிர்வதாவது.

மீன் நின்றதால் மன்னிப்பு. மன்னிப்பால் தலை. தலையால் மீன் நின்றது.

நெஸுவுக்கு அந்தச் சுழல் முழுவதும் தெரிந்தது. அவன் வாழ்க்கையில் பார்த்த மிக உறுதியான தானியங்கி அமைப்பு அதுதான். அறையில் ஏதோ ஒரு முதுகெலும்பு சொடுக்கியது.

கதவோரம் தட்டோடு நின்ற இவாசே மெல்ல அவன் பக்கம் நகர்ந்தாள். தட்டில் சூடான டீ இருந்ததால் அவளுக்கும் குனிவதிலிருந்து விலக்கு.

"இவங்க நிமிர மாட்டாங்களா?" என்று கிசுகிசுத்தான் நெஸு.

"யார் முதல்ல நிமிர்றதுன்னு குழு முடிவு பண்ணலியே."

"நிமிரச் சொல்லட்டா? நிமிர்ந்தா மீன் ஓடும்."

"தலைவர்கிட்டயா? சொல்லு. அகிதாவுல பனி அழகா இருக்குமாம்."

நெஸு அறையை அளந்தான். நேர்வழி அடைபட்டிருந்தது. இடப்பக்கம் தலைகள். வலப்பக்கமும் தலைகள். எதிர்ப்புறம் குனியாத தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூலையில், பீடத்தின்மேல், சரியாகப் பலகையின் உயரத்தில்.

"வெண்கலம்," என்றான்.

இவாசே அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். "அந்தத் தலையில தண்ணி கிடையாது. அலை பட்டா எகிறித் திரும்பும்."

"நெத்தி அகலம் வேற."

"அவர்மேல வீசப்போறியா? தோகாஷி சான் பூசாரியைக் கூப்பிடுவாங்க."

நெஸுவின் கை திருகில் இருந்தது. திருப்பினால் நிறுவனர்மேல் அனுமதியில்லாமல் அலை வீசிய குற்றம். திருப்பாவிட்டால் திட்டம் இங்கேயே முடிந்தது. காற்றைப் படிக்கத் தெரிந்தவன் எவனும் அந்தத் திருகைத் தொட்டிருக்க மாட்டான். நெஸு தொட்டான். லேசரின் நிறம் மயிரிழை மாறியது. கற்றை குனிந்த முதுகுகளுக்கு மேலாகப் போய், நிறுவனரின் நெற்றியில் பட்டு, கீழே சாய்ந்து டேப்லெட்டில் விழுந்தது.

கெண்டை வாயை மூடிக்கொண்டு நீந்திப் போயிற்று.

குனிந்தபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலோசகர், "அட, ஓடுது," என்று நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததும் தலைவர் நிமிர்ந்தார். பதவி வரிசைப்படி எல்லோரும் நிமிர்ந்தார்கள். கடைசியில் இருந்த இளநிலை எழுத்தர் நிமிர்வதற்குள் மூன்று கெண்டைகள் கடந்துவிட்டன.

"எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டார் ஆலோசகர்.

குசாகாபே வாயைத் திறப்பதற்குள் நெஸு உண்மையைச் சொல்லிவிட்டான். "நேர்வழி அடைச்சிருந்தது. அதனால நிறுவனர் தலையில அடிச்சுத் திருப்பினேன்."

அந்த அமைதியை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. தோகாஷியின் கை தானாகக் கைப்பையில் பூசாரியின் எண்ணைத் தேடியது.

தலைவர் ஒகோச்சி கண்ணை மூடினார். திறந்தார். நிலையத்தின் தீராத கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. அவர் சிந்தித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆமாம்," என்றார். "எங்க நிலையத்துல அலைகூட நிறுவனரை முதல்ல வணங்காம யார்கிட்டயும் போறதில்ல."

ஆலோசகர் கைக்குட்டையை எடுத்தார். "எங்க அமைச்சகத்துல இந்தப் பண்பு எப்பவோ போயிடுச்சு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேசரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டம் மிகச் சிறந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, குதிகால் தொங்க நடந்து போனார்.

*

குழு மறுபடி கூடியது. இம்முறை வெற்றியை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்காக.

"வெற்றி பெற்ற கோணம் ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றார் தோகாஷி. "இனிமே அதை மாத்தினா, ஏன் மாத்தினோம்னு காரணம் சொல்லணும். நிறுவனர்மேலேர்ந்து கற்றையை எடுத்துட்டோம்னு ஆயிடும்."

"எடுத்தா அவமரியாதை," என்றார் குசாகாபே.

"ஆனா கற்றையைத் திருப்பறதுதானே புச்சோ நம்ம திட்டம்?" என்றான் நெஸு.

"திருப்ப முடியும்னு நிரூபிச்சாச்சு நெஸு குன். நிரூபிச்ச பிறகும் திருப்பிக்கிட்டே இருந்தா, நமக்கே சந்தேகம் இருக்குன்னு நினைப்பாங்க."

லேசர் பெட்டியின் திருகுமேல் காகித முத்திரை ஒட்டப்பட்டது. கோயில்களில் பழைய மரங்களைப் புனிதமென்று காட்டக் கட்டுவதுபோல வைக்கோல் கயிறு ஒன்றும் கட்டப்பட்டது. பூசாரி வந்து, திருகை நோக்கி வெள்ளைக் காகிதக் கொத்தை ஆட்டி, மந்திரம் சொன்னார்.

நெஸு நிரந்தரமானான். ஆணையைத் தலைவரே இரு கைகளாலும் கொடுத்தார், நெஸு இரு கைகளாலும் வாங்கினான். இப்போது அவன் கருவியின் பாகம் இல்லை என்பதால் நாற்பத்தைந்து டிகிரி குனிந்தான். ஒரு டிகிரி கூடவோ குறையவோ இல்லை. தோகாஷி கண்ணாலேயே அளந்து திருப்தியடைந்தார்.

அகிதாவில் மாமனார், "நிரந்தரமா? என்ன வேலை மாப்ள?" என்று கேட்டார்.

"ஆசன ஒழுங்கு அலுவலர், மாமா."

மறுமுனையில் அடுப்புக்குள் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. "நல்லா இருங்க," என்றார் அவர்.

கார்களுக்கு ரேடார் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு இவாசே ஒப்பந்தம் முடியுமுன்பே போய்விட்டாள். அங்கே கற்றை ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லையாம். போகிற அன்று தன் மேசையைக் காலி செய்துவிட்டு, வைக்கோல் கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு வேலை கிடைச்சுடுச்சு. அதுக்கு வேலை போயிடுச்சு," என்றாள்.

அவள் போய்விட்டாள். அன்று ஈரப்பதம் என்ன என்று நெஸு பார்க்கவில்லை.

வேலை கடினமில்லை. கற்றை நிறுவனர் நெற்றியில் பட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழும். வருகிறவர்களோ வெவ்வேறு பதவிக்காரர்கள், வெவ்வேறு இடத்தில் உட்கார வேண்டியவர்கள். ஆகவே ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவரை நாற்காலியோடு கற்றை விழும் இடத்துக்குக் கொண்டுபோய், மீனைக் காட்டிவிட்டு, மறுபடி அவரவர் இடத்தில் வைக்க வேண்டும். நெஸு ஒரு பக்கம், இளநிலை எழுத்தர் மறுபக்கம். இருவருக்கும் வெள்ளைக் கையுறை தரப்பட்டது.

இலையுதிர் காலத்தில் பின்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது. லேசரால் கற்றையைத் திருப்பும் முதல் கருவிகளில் ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்காகவே வந்தவர்கள். அவர்களில் ஓர் அம்மையார், கையில் குறிப்பேட்டோடு, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆர்வமாகக் கேட்டார்.

"ஒரு ஆள்கிட்டேர்ந்து இன்னொரு ஆளுக்குத் திருப்ப எவ்வளவு நேரமாகும்?"

ஒரு காலத்தில் இதற்குச் சொல்ல நெஸுவிடம் ஓர் எண் இருந்தது. புள்ளிக்குப் பின் வரிசையாகச் சுழியங்கள் வரும் எண். அதைச் சொல்ல வாயெடுத்தவன், எதிர்ப்புறம் நாற்காலியைப் பிடித்திருந்த எழுத்தரைப் பார்த்தான். பிறகு, இத்தனை வருடங்களில் முதல்முறையாக, அறையைப் பார்த்தான். குசாகாபே நின்றிருந்தார். தோகாஷி நின்றிருந்தார். தலைவர் கண்ணை மூடியிருந்தார். நெஸு காற்றைப் படித்தான்.

"ரெண்டு பேர் தூக்கினா அரை நிமிஷம்," என்றான். "ஆள் கனமா இருந்தா கொஞ்சம் கூட ஆகும்."